உன்னிடம் வாங்காத சுடிதார்

அன்புள்ள பத்மஜா,

தையல் பெண்களுக்கு முழுக் கூலி கொடுத்து நீ துணிக்கடை திறந்தபோது, “விலை கூடினாலும் இங்கதான் வாங்கணும்” என்று வலியசாலை முழுக்கச் சொன்னவள் நான்.

ஓணத்துக்கு மகளுக்குச் சுடிதார் எடுக்கப் பழவங்காடியில் வேறொரு கடைக்குப் போனேன். உன் விலையில் பாதிதான். வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் எதிரே நீ.

“ஆபீஸ்ல ஒருத்திக்காக்கும்” என்றேன்.

“நல்ல கலர், கேட்டியா” என்றாய்.

திருவோணத்தன்று என் மகள் அதையே உடுத்திக்கொண்டு உன் வீட்டுக்குப் பாயசம் கொண்டுவந்தாள். “உனக்கு நன்னா சேர்றதுடீ” என்று மட்டும் சொன்னாயாம்.

நேற்று உன் கடை பூட்டிக் கிடந்தது. வாடகை கட்டுப்படியாகவில்லை என்று எல்லாரிடமும் சொல்கிறாயாம். என்னிடமாவது அப்படிச் சொல்லாதே.

நீ இன்னும் திட்டாத,
உன் சிநேகிதி