என் கண்ணாடிக்கு அடியில் இருந்த தாள்

செவ்வாய்க்கிழமை, இரவு

பேத்தி ஷரோன் எதையோ மறைக்கிறாள். ஒரு மாதமாக ஒரே பாட்டைப் பாடி, ஒரே இடத்தில் நிறுத்துகிறாள். மகளிடம் கேட்டேன்.

"கோயில் பாட்டுக்குப் பழகிறாள், அப்பா. பொலிஸ்காரன் மாதிரி விசாரிக்காதேங்கோ."

வாசலில் அவளுடைய புது நடனச் சப்பாத்து கிடக்கிறது. கோயில் பாட்டுக்கு அது எதற்கு?

இன்று காலை என் மூக்குக்கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. ஷரோனின் கையெழுத்து, ஆனால் தமிழ். இங்கே இத்தாலியில் வளர்ந்தவள், எப்போதும் இத்தாலியனில்தான் எழுதுவாள். எழுத்துக்கூட்டி முழுவதையும் நானே வாசித்துவிட்டேன். இசை நாடகப் பட்டப்படிப்புக்கு ஆள் எடுக்க பொலோஞா நகரில் ஒடிசன், பாடி நடித்துக் காட்டும் தேர்வு. இரண்டு பாட்டு, ஒரு வசனம், நடனம். கடைசியில், "பதினெட்டு வயது ஆகாதவரோடு பெரியவர் ஒருவர் வரவேண்டும்." பக்கத்தில் பெரிய கேள்விக்குறி.

தாயோ அவளைத் தாதிப் படிப்புக்கு அனுப்ப இருக்கிறாள்.

ஞாயிறு தமிழ் வகுப்பில், பிள்ளைகளுக்குப் பின்னால் கடைசி வாங்கில் இருந்து, இந்த வயதில் நான் எழுத வாசிக்கப் பழகுவது வீட்டில் யாருக்கும் தெரியாது என்றிருந்தேன். இந்த நாட்குறிப்பும் அந்தப் பயிற்சிதான். ஷரோனுக்கு அதை யார் சொன்னது?

மத்தியானம் ஷரோன் கேட்டாள், "அம்மப்பா, கண்ணாடி கிடைச்சுதோ?"

"ஓம். நல்லாத் தெரியுது."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

பின்னேரம் அந்தக் கேள்விக்குறியின் கீழே எழுதினேன்: "முதல் அம்மாவுக்குச் சொல்லு. பிறகு நான் வாறன்." நான்கு தரம் அழித்து எழுதினேன். தாளை அவளுடைய சப்பாத்துக்குள் வைத்தேன்.

இப்போது சப்பாத்துக்குள் தாள் இல்லை. மகளின் அறையில் இரண்டு பேர் கதைக்கும் சத்தம் கேட்கிறது. மகளின் குரல்தான் பெரிதாக இருக்கிறது. நான் இன்னும் என் விளக்கை அணைக்கவில்லை.