பூச்சி என்றுதான் சொன்னார்கள்

அண்ணே,

இன்று காலை திண்டிவனத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். அப்போதுதான் பிடுங்கிய வேர்க்கடலைச் செடிகளை, நீங்கள் மல்லாட்டை என்பீர்களே, அதை ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் உரசினாற்போல் போனது. ஈர மண்ணும் பச்சை வேரும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் பக்கத்திலிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற பெண், "இன்னாம்மா, மயக்கமா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் என்னவென்று சொல்வது? உங்களிடம்தான் சொல்ல முடியும். நீங்களோ போய்ச் சேர்ந்து இரண்டு மாதமாகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நம் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு வண்டி, அதை ஓட்ட நீங்கள். ஒரே ஒரு டெலிபோன், அதை எடுக்க நான். ஒரே நேரத்தில் இரண்டு பேர் கூப்பிட்டால் வண்டி யாருக்கு முதலில் என்று முடிவு செய்வது, கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட ஆகாத இந்த மெட்ராஸ்காரி. எப்படி முடிவு செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. நீங்கள் மட்டும், "கத்தறவனுக்கு மூச்சு இருக்குதும்மா, கத்தாதவன் எங்கன்னு கேளு" என்பீர்கள். நான் சிரித்துவிட்டு நோட்டின் ஓரத்தில் கோலம் வரைந்துகொண்டிருப்பேன். அவ்வளவு திமிர் எனக்கு.

அன்று காலை பத்து மணி இருக்கும். கூட்டேரிப்பட்டிலிருந்து ஒரு டீக்கடைக்காரர் காது கிழிய அலறினார். சைக்கிளில் வந்தவரை லாரி தட்டிவிட்டதாம், கால் முறிந்து ரத்தமாம். உங்களை உடனே கிளப்பிவிட எழுந்தேன். அதற்குள் மறுபடியும் மணி அடித்தது. மயிலம் பக்கத்து ஊர் ஒன்றின் போஸ்ட் மாஸ்டர். நிதானமான குரல்.

"மல்லாட்ட புடுங்கிக்கினு இருந்த ஒரு பொம்பளைக்கு பூச்சி கடிச்சிடுச்சிங்க. வண்டி அனுப்புவீங்களா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பூச்சி கடிச்சதுக்கெல்லாம் வண்டி வராது சார். சுண்ணாம்பு தடவச் சொல்லுங்க." அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் போனை வைத்துவிட்டேன். நோட்டில் ஊர் பெயரைப் போட்டு, 'பூச்சிக்கடி, வண்டி வேண்டாம்' என்று எழுதினேன். உங்களைக் கூட்டேரிப்பட்டுக்கு மட்டும் அனுப்பினேன்.

ஒரு மணி நேரத்தில் கால் முறிந்தவரை இறக்கிவிட்டு, தண்ணீர் குடிக்க உள்ளே வந்தீர்கள். நோட்டைப் பார்த்தீர்கள். தம்ளர் அப்படியே உதட்டருகில் நின்றுவிட்டது.

"அய்யோ, எம்மா! பூச்சின்னா பாம்பும்மா! பேரச் சொன்னா வந்துடும்னு இங்க பகல்லகூட சொல்ல மாட்டாங்க. இப்பதான கூட்டேரிப்பட்டுல, அந்த ஊருக்குத் திரும்பற ரோட்டாண்ட நின்னுட்டு வர்றேன்! ஒரே வண்டியில ரெண்டு பேரயும் தூக்கிக்கினு வந்திருப்பனே!"

தம்ளரை வைத்துவிட்டு வண்டிக்கு ஓடினீர்கள். நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டியிருந்தார்கள். கண்ணைத் திறக்கப் பார்த்தாள், இமை தூக்கவில்லை. திண்டிவனம் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. நம் ஆஸ்பத்திரி அலமாரியில் விஷமுறிவு ஊசி இருந்தது, அண்ணே. அவள் கணவன் என்னைப் பார்த்துக் கைகூப்பி, "நீங்களாவது வந்தீங்களேம்மா" என்றான். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஏன் தாமதம் என்று பெரிய டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முன்னால் போய் நின்றீர்கள். "கூட்டேரிப்பட்டுல டயர் பஞ்சருங்கய்யா. ஸ்டெப்னி மாத்தறதுக்குள்ள லேட்டாயிடுச்சு." எல்லோர் முன்னாலும் உங்களைக் கண்டபடி திட்டி, ஒரு மாதம் வேலைக்கு வராதே என்றார். நோட்டில் நான் எழுதிய பக்கத்தை அதற்கு முன்பே கிழித்து உங்கள் சட்டைப் பைக்குள் வைத்திருந்தீர்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மாதம் கழித்து வந்தபோது ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "உன்ன வேலைய விட்டு அனுப்பிட்டா அடுத்து வர்றவளும் இதே தப்பதான் பண்ணுவா. நீ இனிமே பண்ண மாட்ட." அவ்வளவுதான். அதன்பிறகு அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. நீங்கள் சொன்னதும் சரிதான். ஓய்வு பெறும் வரை, யார் எதைச் சொன்னாலும் "கண்ணால பாத்தீங்களா? ஆள் பேசறாங்களா?" என்று கேட்காமல் நான் போனை வைத்ததில்லை. இன்றும் வீட்டில் யாராவது தலைவலி என்றால்கூட என் வாய் அதைத்தான் கேட்கிறது.

உங்களை அடக்கம் செய்த மறுவாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். உங்கள் மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அப்பா கடைசி வரைக்கும் பொலம்பிக்கினே இருந்தாரு ஆன்ட்டி. என்னால ஒரு பொண்ணு செத்துடுச்சுன்னு. கோயிலுக்குப் போனாலும் அதையேதான் சொல்லி அழுவாரு. அது இன்னா கதன்னு உங்களுக்குத் தெரியுமா?"

டாக்டரிடம் சொன்ன பொய்யை வீட்டிலுமா சொன்னீர்கள்? சொல்லிச் சொல்லி நீங்களே அதை நம்பிவிட்டீர்களா? அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியாதுப்பா" என்றேன், அண்ணே. அவன் கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்தேன்.