மணி அடித்தால் வாய் திறப்பாள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி தடியன் எழுதிக்கொள்வது. உன் மகள் வாலு நன்றாக இருக்கிறாள். நானும் ஏதோ இருக்கிறேன். வீடுதான் கொஞ்சம் நோயாளி மாதிரிக் கிடக்கிறது. துவைத்த துணியும் துவைக்காத துணியும் சோபாவில் சொந்தக்காரர்கள் போல ஒன்றாகப் படுத்திருக்கின்றன. நீ வந்து பார்த்தால் எனக்கு நல்ல பூசை உண்டு.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பாய். நீ வார்டை விட்டு வந்து, அந்த உடுப்பைக் கழற்றி, குளித்து, போனைக் கையில் எடுப்பதற்குள் வாலு தூங்கிவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது என் மடியை விட்டு இறங்குவதில்லை. அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி எப்படிப் பேசுவது? ஐந்து வயதுக்கு அவளுக்குப் பாம்புச் செவி. அதனால் உன் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸை ஓட்டும் கீழ் வீட்டு அண்ணன் உன் துணிப்பையை எடுத்து வரும்போது, துணிகளுக்கு நடுவே இதையும் வைக்கிறேன். அத்தான் லாரியோடு இன்னும் எல்லையில்தான் நிற்கிறார். லாரிக்கு அடியிலேயே அடுப்பு மூட்டிச் சமைக்கிறாராம். என் சமையலுக்கு அது மேல் என்று வாலு சொல்கிறாள்.

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் வைக்கும் சோறு ஒருநாள் கஞ்சியாகிறது, மறுநாள் கல்லாகிறது. ஊட்டினால் ஒரு வாய் வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். முழுங்குடி என்றால் முழிக்கிறாள். பன், பிஸ்கட், பால் என்றால் மட்டும் தகராறு இல்லை. பாலுக்குச் சர்க்கரை நீ போடுவதைவிடக் கொஞ்சம் கூடத்தான் போடுகிறேன், திட்டாதே. அம்மா இல்லாத வீட்டில் பிள்ளைக்கு வேறு என்ன இனிப்பு இருக்கிறது, சொல். பாலைக் குடித்துக்கொண்டே தூங்கிப்போகிறாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எழுப்பிப் பல் தேய்க்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

என் பிழைப்பைக் கேள். ஃப்ரிட்ஜ் புகார் கேட்கும் ஆபீஸ் போனை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். தொற்றுக்குப் பயந்து ஊரெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதால் ஊரிலுள்ள ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் கெட்டுப்போகிறது போலிருக்கிறது. மணி ஓய்வதே இல்லை. போன வாரம் ஓர் அம்மாள் தன் ஃப்ரிட்ஜ் ஒழுகுவதைச் சொல்லி அழுதுகொண்டிருக்கும்போது, வாலு என் காதருகே வந்து தனக்கு அவசரமாகப் போக வேண்டும் என்று ஊருக்கே கேட்கும்படி அறிவித்தாள். சூப்பர்வைசர் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இன்னொரு முறை பிள்ளைச் சத்தம் கேட்டால் வேலை இருக்காது என்று சொல்லிவிட்டார்.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். மணி அடித்ததும் ஒரு டாஃபியைப் பிரித்து அவள் வாயில் போட்டுவிடுகிறேன். மென்று முடிப்பதற்குள் நான் பேசி முடித்துவிடலாம். இப்போது நான் கூப்பிடக்கூட வேண்டாம். மணி அடித்தால் எந்த அறையில் இருந்தாலும் ஓடி வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாள், குருவிக்குஞ்சு மாதிரி. பார்த்தால் சிரித்துவிடுவாய்.

கீழ்த்தாடையில், இடதுபக்கக் கடைவாய்ப் பல்லில் பேனா முனை வைத்தாற்போல் ஒரு கறுப்புப் புள்ளி தெரிகிறது. பால் பல்தானே, விழுந்து முளைக்கப் போவதுதானே? சும்மா உன் காதில் போட்டு வைக்கிறேன்.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "என்ன வேணா ஆகட்டும், புள்ளைய அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு மட்டும் கூட்டிட்டு வந்துடாத. சத்தியம் பண்ணு." பண்ணியாயிற்று. அவள் படி தாண்டுவதில்லை. நீ உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
தடியன்


அன்புள்ள அக்கா,

நீ அனுப்பிய மெசேஜைப் படித்தேன். திட்டு முழுவதையும் வரிசையாக வாங்கிக்கொண்டேன். உப்புத் தண்ணீர் கொப்பளிக்க வைக்கிறேன், ராத்திரி பாலை நிறுத்திவிட்டேன், அதாவது நிறுத்தப் பார்த்தேன். அம்மா வேண்டும் என்று அவள் அழ ஆரம்பித்தால் ஒன்று நீ வர வேண்டும், இல்லை பால் வர வேண்டும். இரண்டில் என்னால் முடிந்தது பால்தான்.

புள்ளி இப்போது ஓட்டையாகிவிட்டது. சோற்றுப் பருக்கை போய் உட்கார்ந்துகொள்கிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் துள்ளுகிறாள். எல்லாவற்றையும் வலப்பக்கமே மெல்லுகிறாள். டாஃபியைக்கூட அந்தப் பக்கம் ஒதுக்கிக்கொள்ளப் பழகிவிட்டாள். டாஃபியை இன்னுமா கொடுக்கிறாய் என்று பல்லைக் கடிப்பாய். இரண்டு நாள் நிறுத்தினேன், அக்கா. மூன்றாம் நாள் மணி அடிக்க, அவள் வந்து வாயைத் திறந்து நிற்க, நான் கையை விரித்துக் காட்ட, அவள் போட்ட கூச்சலில் சூப்பர்வைசரே லைனில் வந்துவிட்டார். நீ அனுப்பும் சம்பளம் ஒருபக்கம் இருக்கட்டும், நான் வேலையில்லாமல் உட்கார்ந்தால் அத்தான் முகத்தில் எப்படி விழிப்பேன்?

பல் டாக்டரிடம் போகலாம் என்று அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போனேன். கூத்தைக் கேள். கீழே பேக்கரி ஜோராகத் திறந்திருக்கிறது, அத்தியாவசியமாம். கேக், கிரீம் பன், கலர் கலராக மிட்டாய், வாசலில் வட்டம் போட்டு ஜனம் நிற்கிறது. மேலே பல் டாக்டர் கிளினிக்குக்குப் பூட்டு. வாயைத் திறந்து பார்க்கும் வைத்தியம் ஆபத்தாம், மேலிடத்து உத்தரவாம். பல்லைக் கெடுக்கிறவன் கடையைத் திறந்து வைத்திருக்கிறான், பல்லைப் பார்க்கிறவன் பூட்டிக்கொண்டு போய்விட்டான். போர்டில் இருந்த நம்பருக்கு அங்கேயே நின்று போன் செய்தேன். வாலு என் தோளில் சாய்ந்து பேக்கரிக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் நல்ல மனுஷி. போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார், பார்த்துவிட்டு ஒரு மருந்து எழுதி அனுப்பினார், எழுதியபடி முடியும் வரை கொடுக்கச் சொன்னார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "தாடைக்குக் கீழ வீங்குச்சுன்னா, வாய் திறக்க முடியலைன்னா, எனக்குப் போன் பண்ணிட்டு நிக்காதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்றார். டாக்டர்கள் எல்லாம் இப்படித்தான், கடைசியில் ஒரு பயத்தைக் கட்டிக் கொடுத்து அனுப்புவார்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் இங்கே நீ இருப்பது ஒன்றுதான். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ களைத்துப் போயிருந்தாய். முகமூடி அழுந்திய தழும்பு மூக்கின் மேல் ரத்தமாகத் தெரிந்தது. உங்கள் மாடியில் காய்ச்சல் கண்ட குழந்தைகளுக்கென்று புதிதாக ஓர் அறை திறந்திருப்பதாகச் சொன்னாய். இவள் வலப்பக்கத்தை மட்டும் காட்டியபடி உட்கார்ந்திருந்ததை நீ கவனித்தாயா தெரியாது. நான் சொல்லித்தரவில்லை, சத்தியமாக. அம்மா அழும், அதனால் காட்டமாட்டேன் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

வேளைக்குச் சாப்பிடு. உனக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

உன் தம்பி,
தடியன்


அக்கா,

நல்ல சேதி. வலி நின்றுவிட்டது!

நாலைந்து நாள் நாங்கள் பட்ட பாடு நாய் படாது. கிராம்பை நசுக்கி வைத்தேன், துப்பினாள். மருந்து கசக்கிறது என்று முகத்தில் உமிழ்ந்தாள். ஒவ்வொரு வேளையும் மருந்துக்குப் பின் ஒரு டாஃபி தருவதாக ஒப்பந்தம் போட்டுத்தான் உள்ளே இறக்கினேன். பிறகு ஒரு நாள் காலையில் எழுந்தவள் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, வலிக்கவே இல்லை மாமா என்றாள். தட்டிப் பார்த்தேன், குளிர்ந்த தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. எனக்கு உயிர் வந்தது. வலியே போன பிறகு மருந்து எதற்கு, வீணாக வயிற்றைக் கெடுக்கும் என்று மிச்சத்தை அப்படியே மூடி வைத்துவிட்டேன். பல்லுக்குக் கீழே ஈறில் அரிசி மாதிரி ஒரு சின்னக் கொப்புளம் இருக்கிறது. சூட்டுக் கொப்புளமாக இருக்கும்.

இப்போது ரொம்ப சமர்த்து. முன்போல ஓடுவதில்லை, கத்துவதில்லை. நிறையத் தூங்குகிறாள். தூக்கத்தில் வாய் ஒழுகித் தலையணை நனைந்துபோகிறது, மறுபடியும் கைக்குழந்தையாகிவிட்டாள் என்று கேலி செய்தேன். பேச்சும் குறைந்துவிட்டது. பல்லு போனா சொல்லு போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க என்று சீண்டினேன். சிரிக்கவில்லை. இடது கன்னம் கொஞ்சம் புஷ்டியாகியிருக்கிறது. என் சமையலுக்குக் கிடைத்த முதல் பாராட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, நீ பதறக் கூடாது. நம் குடியிருப்பு செகரட்டரி துப்பாக்கி மாதிரி ஒரு சாமானை வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்து நெற்றியில் சுட்டுக் காய்ச்சல் பார்க்கிறார். எதிர்வீட்டில் அந்த மனுஷருக்குச் சும்மா சளிதான். கதவில் நோட்டீஸ் ஒட்டி, வண்டி வந்து ஏற்றிப் போனார்கள். எங்கே என்று அவர் மனைவிக்கே இன்னும் சரியாகச் சொல்லவில்லை. வாலுவுக்கு உடம்பு லேசாகக் கதகதப்பாக இருந்தது. செகரட்டரி படியேறும் சத்தம் கேட்டதும் ஈரத்துணியை அவள் நெற்றியில் வைத்து எடுத்தேன். அவர் சுட்டுப் பார்த்து, குளுகுளுன்னு இருக்கா என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர் செருப்புச் சத்தம் கேட்டால் அவளே துணியை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். மணிக்கு வாயைத் திறக்கிறாள், செருப்புச் சத்தத்துக்கு நெற்றியைக் காட்டுகிறாள். நன்றாகத்தான் வளர்க்கிறேன் உன் பிள்ளையை.

கோபப்படாதே. அந்தக் கட்டடத்துக்கு வரக்கூடாது என்று சொன்னது நீதான். அவளை அங்கே அனுப்பாமலிருக்க எனக்குத் தெரிந்ததைச் செய்கிறேன். இது எல்லாம் ஒருநாள் முடியும், நீ வருவாய், அவள் கன்னத்தைக் கிள்ளுவாய் என்று நினைத்துக்கொண்டுதான் நாளை ஓட்டுகிறேன்.

தடியன்


அக்கா,

இதை ஆம்புலன்ஸ் வண்டிக்குள் பின்பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நிற்கிறோம். வாலு என் மடியில் இருக்கிறாள். உன் நம்பருக்கு அடித்து அடித்து ஓய்ந்துவிட்டேன், உன் போன் லாக்கரில் கிடக்கும் என்று தெரியும். அண்ணனை மட்டும் உள்ளே விடுகிறார்கள். துணிப்பையோடு இதையும் உன் கையில் நேராகக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் புரியாவிட்டால் அவரைக் கேள்.

காலையில் ஆபீஸ் போன் அடித்தது. வழக்கம்போல டாஃபியைப் பிரித்து வைத்துக்கொண்டேன். அவள் வந்தாள். என் முன்னால் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. மணி அடிக்கிறதுடி, ஆ காட்டு என்றேன். என்னையே பார்த்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. விரலை வைத்துப் பார்த்தேன். என் சுண்டுவிரல் நுழையவில்லை, அக்கா. திறக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. எச்சிலை விழுங்கவும் முடியாமல் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. தாடையைத் தொட்டேன். அந்தக் கன்னத்து வீக்கம் கழுத்துக்கு இறங்கி, கல்லாகக் கெட்டித்துச் சிவந்து கிடந்தது. நான் புஷ்டி என்றேனே, அதுதான். போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை. இனி எடுக்கவும் போவதில்லை.

அண்ணன் ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். கிளம்பும்போது செகரட்டரி தடுத்தார், நான் அவரைக் கேட்டிலேயே தள்ளிவிட்டேன். அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது தொல்லை இதுதான். உடம்பு கொதிக்கிறது, அதனால் காய்ச்சல் வரிசையில் நில் என்கிறார்கள். வரிசை மதில் நெடுகப் போகிறது, எல்லோரும் இருமுகிறார்கள். அதில் போய் நின்றால் நீ சொன்ன அந்த அறைக்குத்தான் எடுத்துப் போவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நிற்காவிட்டால் யாரும் இவளைத் தொடமாட்டார்கள். வண்டிக் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பல்லுங்க, வெறும் பல்லு என்று கத்திப் பார்த்தேன். கேட்டில் இருப்பவன் பல்லுக்கா இவ்வளவு என்று திருப்பிக் கேட்டான். நானும் அதையேதான் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். இது அந்தக் காய்ச்சல் இல்லை என்று நீ வந்து சொன்னால்தான் நம்புவார்கள்.

சத்தியத்தை மீறிவிட்டேன். என்னை அடி, திட்டு, வாழ்நாள் முழுக்க என்னோடு பேசாதே, எல்லாவற்றுக்கும் நிற்கிறேன். இப்போது இறங்கி வா. மூச்சு விடும்போது ஒரு சத்தம் வருகிறது, காலையில் அது இல்லை. உன்னிடம் அழைத்துப் போகிறேன் என்று சொன்னேன். தலையாட்டினாள். அம்மா என்று சொல்லப் பார்த்தாள், உதடு மட்டும் அசைந்தது.

மணிக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. உன் குரலுக்குத் திறப்பாள் அக்கா. வந்து ஒரு தடவை கூப்பிட்டுப் பார்.