செல்வம் பேசிய வீடியோ

செவ்வாய், இரவு.

என் நண்பன் செல்வத்தின் வீடியோ இன்று கிடைத்துவிட்டது. நாங்கள் இருவரும் செய்த கம்ப்யூட்டர் கேம் வெளிவரும் முன்பு, அதை விளையாடிக்கொண்டே அவன் பேசிப் பதிந்தது. அவன் இறந்த விபத்தில் போனும் நொறுங்கியதால், அவன் குரல் வேறெதிலும் இல்லை. கோவில்பட்டி கம்ப்யூட்டர் கடைக்காரர் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மீட்டுத் தந்தார். பார்க்கக்கூடப் பொறுமையில்லாமல் கடம்பூருக்கு ஓடி, அவன் மனைவி ராணிக்குப் போட்டுக் காட்டினேன்.

திரையில், கேமின் கரிசல் காட்டில் வண்டி ஓடியது. சத்தம் வரவில்லை. ஒலி மட்டும் அழிந்திருந்தது.

"அண்ணாச்சி, அவிய பேசுதது எங்க?"

ஒலி அழிந்துபோனதைச் சொன்னேன். அவன் முகம் பார்க்காத மகள் அவள் மடியில் தூங்கினாள். வண்டி ஓரிடத்தில் நின்றது.

"இங்கன ஏதோ சொல்லிச் சிரிச்சிருப்பாவ. என்ன சொன்னாவ அண்ணாச்சி?"

அதைப் பதிந்த அன்று அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு யோசித்தும் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை.