இரண்டாம் முறை கேட்டால்

மார்ச் 2

அன்புள்ள நிதியமைச்சருக்கு,

நான் நலம். நீயும் நம் மகள் வாலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் கம்மியிருந்தது. கேட்டதற்கு, "கிளினிக்ல ஏசி ஜாஸ்தி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். பகலெல்லாம் கண் பார்க்க வருகிற பத்துப் பேரிடம் எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்லிக் கத்தினால் தொண்டை என்ன ஆகும்? வெந்நீர் குடி. அதற்குக் காசு ஒன்றும் அதிகம் ஆகாது.

இங்கே ஆலையில் இரண்டாவது கம்ப்ரசரை முழுக்கப் பிரித்துப் போட்டிருக்கிறோம். விரல் இடுக்கெல்லாம் கிரீஸ். என் அறையில் காலியாகக் கிடந்த கட்டிலுக்கு ஆள் வந்துவிட்டது. யார் தெரியுமா? கிரேன் ஓட்டுகிற அண்ணன்! போன வருடம் கேக் வெட்டி, கைதட்டி அனுப்பி வைத்தோமே, "இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுக் கூடப் படுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாரே, அவரேதான். நாலு மாதத்தில் பெட்டியோடு வந்து நிற்கிறார்.

"என்னண்ணே, பணம் பத்தலையா?" என்று கேட்டேன்.

"பணமெல்லாம் இருக்கு தம்பி. நான் சோபாவுல உட்கார்ந்திருப்பேன். என்னைச் சுத்திக்கிட்டுப் பெருக்கிட்டுப் போவாங்க. காலைத் தூக்குங்கன்னு கூட ஒருத்தரும் சொல்லல" என்றார்.

சிரித்தேன். பிறகு ரொம்ப நேரம் சிரிப்பு வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது அல்லவா? இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கிறேன், சம்பளமும் கூட்டித் தருகிறேன் என்கிறார் மேனேஜர். ஏப்ரல் இருபதுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். வருடச் செலவைப் போல முப்பது மடங்கு சேர்ந்ததும் நான் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வர வேண்டும் என்பதுதான் நம் திட்டம். ஜனவரியிலேயே சேர்ந்துவிட்டது என்று நீ எழுதினாய். சந்தோஷம்தான். ஆனால் சந்தை விழுந்தால்? வாலின் கல்லூரிச் செலவு நாம் நினைத்ததைவிட ஏறினால்? நாற்பத்தைந்து வயதில் விட்டுவிட்டு, ஐம்பதில் போய் யாரிடம் வேலை கேட்பது?

அதனால் நம் வீட்டு வழக்கப்படி எழுத்தில் கேட்கிறேன். எனக்கு இன்னும் ஒரு வருடம் வேண்டும். இது முதல் முறை. ஒரு மாதம் ஆறப்போடுவோம். அப்புறமும் ஆசை ஆறாமல் நான் மறுபடி கேட்டால், நீ மறுபேச்சுப் பேசக் கூடாது. இந்த வழக்கத்தால்தானே இவ்வளவு தூரம் வந்தோம்! நான் கேட்ட கேமரா, நீ கேட்ட வாஷிங் மெஷின் எல்லாம் ஒரு மாதத்தில் தானாக ஆறிப்போயின. இதுவும் ஆறினால் ஆறட்டும்.

இப்படிக்கு,
உன் கஞ்சன்

மார்ச் 12

அன்புள்ள மகா கஞ்சருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. படித்தேன். மடித்து வைத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அந்தப் பால் கணக்கை உங்கள் பெயரில் எழுதியிருக்கிறேன்.

தொண்டை சரியாகிவிட்டது. வாலுக்குப் பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் இரண்டாம் இடம். "முதல் இடத்துக்கு என்னாச்சு?" என்று கேட்டால், "ஷூ தேஞ்சு போச்சும்மா, கேட்டா ஒரு மாசம் ஆறப்போடுவீங்க" என்கிறாள். வாயைப் பாருங்கள்! ஷூவுக்கு அந்த வழக்கம் கிடையாது என்று சொல்லி அன்று மாலையே வாங்கிக் கொடுத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் அவளுடைய தோழி வீட்டுக்கு வந்தாள். நான் சமையலறையில் இருந்தேன். "உங்கப்பா என்ன பண்றாரு?" என்று அந்தப் பெண் கேட்டது. "ரிட்டயர் ஆகப் போறாரு" என்றாள் நம் வால். "இப்பவேவா? எப்போ?" "அடுத்த வருஷம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எப்பவுமே அடுத்த வருஷம்" என்றாள். கேலியாகக் கூடச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் கையில் இருந்த டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

முதலில் இருபத்தைந்து மடங்கு என்றீர்கள். சேர்ந்தது. விலைவாசி இருக்கிறதே, முப்பது என்றீர்கள். அதுவும் சேர்ந்துவிட்டது. நாலு தெரு தள்ளி நடந்து போய்க் காய்கறி வாங்கி, வாடகை குறைவு என்று இரண்டு அறை வீட்டுக்கு மாறி, மிச்சத்தையெல்லாம் மாதா மாதம் ஃபண்டில் போட்டு, அவசரத்துக்குத் தனி டெபாசிட், மருத்துவக் காப்பீடு, வாலின் கல்லூரிக்குத் தனிப் பணம் என்று எதையும் விடவில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தால், நீங்கள் கரையைத் தூக்கிக்கொண்டு போய் இன்னும் தள்ளி வைக்கிறீர்கள்.

வழக்கம் வழக்கம்தான். உங்கள் கேள்வி ஒரு மாதம் ஆறட்டும். ஆனால் கேட்கிற உரிமை எனக்கும் உண்டு.

நீங்கள் வீட்டுக்கு வர வேண்டும். இது முதல் முறை.

இப்படிக்கு,
நிதியமைச்சர்

மார்ச் 21

அன்புள்ளவளே,

இது அநியாயம். கடையில் விற்கிற சாமானுக்காகத்தான் நாம் அந்த வழக்கத்தை வைத்தோம். மனிதனைப் போய் அப்படிக் கேட்பார்களா?

கோபித்துக்கொள்ளாதே. நான் எனக்காகவா இங்கே கிடக்கிறேன்? ஆறு வருடமாக இந்த மண்ணும் சைரனும் இரும்பும்தான். எல்லாம் யாருக்காக?

சரி, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். போன லீவில் வந்தபோது ஹாலில் விளக்குப் போடப் போய் மின்விசிறியைப் போட்டேன். மின்விசிறிக்குப் போய்ப் பாத்ரூம் விளக்கை அணைத்துவிட்டேன். உள்ளே குளித்துக்கொண்டிருந்த வால், "அப்பா, அதை விடுங்க!" என்று கத்தினாள். நீங்கள் இருவரும் இருட்டில் கூடத் தடவாமல் போடுகிறீர்கள். சாப்பாட்டு மேசையில் இரண்டு நாற்காலிதான். நான் அந்த பெயிண்ட் ஒட்டிய ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். யாரும் தப்புச் செய்யவில்லை. அந்த வீட்டின் கணக்கில் நான் இல்லை, அவ்வளவுதான்.

இங்கே அப்படியில்லை. எந்த வால்வு எந்தச் சத்தம் போட்டால் என்ன கோளாறு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். "அண்ணனைக் கூப்பிடு" என்று ஓடி வருகிறார்கள். அங்கே வந்தால் என்னை எதற்கு யார் கூப்பிடப் போகிறார்கள்? கிரேன் அண்ணன் தினமும் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு பெருமூச்சு விடுகிறார். அதைக் கேட்டுக்கொண்டே தூங்குகிறேன்.

பயம் என்றே வைத்துக்கொள்.

உன்,
கஞ்சன்

மார்ச் 30

அன்புள்ள பயந்தாங்கொள்ளிக்கு,

இப்போதாவது வாய் திறந்தீர்களே. சந்தை விழும், விலை ஏறும் என்று எழுதியபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. இது புரிகிறது. இதற்காக உங்களை நான் கேலி செய்ய மாட்டேன். மேலே போட்ட விளிப்பு மட்டும் இருக்கட்டும், எனக்குப் பிடித்திருக்கிறது.

கடையில் விற்கிற சாமானுக்கு மட்டும்தான் என்று எங்கே எழுதி வைத்தோம்? நீங்கள் கேட்கிற ஒரு வருடம் எந்தக் கடையில் கிடைக்கும்? உங்களுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?

சுவிட்ச் விஷயத்தை வாலிடம் சொன்னேன். "எல்லாத்துக்கும் பேர் எழுதி ஒட்டிடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். தப்பாகப் போட்டுப் போட்டுத்தான் பழக வேண்டும். அதற்கு ஆள் இங்கே இருக்க வேண்டும். வருடத்துக்குப் பதினைந்து நாள் வந்தால் சாகும்வரை மின்விசிறியைத்தான் போட்டுக்கொண்டிருப்பீர்கள். இன்னும் ஒரு வருடம் அங்கே இருந்தால் அந்தப் பயம் குறையுமா, கூடுமா? நீங்களே சொல்லுங்கள்.

உங்களுக்கு வேலை இல்லாமல் போகுமோ என்று கவலையே வேண்டாம். கிளினிக் டாக்டரிடம் பேசிவிட்டேன். ஜூனிலிருந்து காலை நேரம் மட்டும்தான் கிளினிக்குக்குப் போவேன். சமையலறைக் குழாய் நாலு மாதமாகச் சொட்டுகிறது. பிளம்பரைக் கூப்பிடவில்லை. காசுக்காக இல்லை.

அன்புடன்,
நி.அ.

ஏப்ரல் 12

அன்புள்ள உங்களுக்கு,

இந்தக் கடிதத்தில் கேலி இல்லை.

உங்கள் ஒரு மாதம் ஏப்ரல் இரண்டோடு முடிந்தது. அன்றிலிருந்து தபால்காரர் வரும்போதெல்லாம் நான் படியிறங்கிப் போகிறேன். மின்கட்டணச் சீட்டு வந்தது, பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த ஏதோ புத்தகம் நம் பெட்டியில் விழுந்தது. உங்கள் இரண்டாவது கடிதம் வரவில்லை. நீங்கள் எழுதவில்லையா, இல்லை வழியில் வந்துகொண்டிருக்கிறதா, எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்களும் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மழையைப் பற்றிப் பேசினோம்.

என் ஒரு மாதம் இன்றோடு முடிகிறது.

கேட்பதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். நான் கேட்ட வாஷிங் மெஷின் தானாக ஆறிப்போனது என்று எழுதியிருந்தீர்கள். ஆறவில்லை. இன்றைக்கும் போர்வை பிழிந்து மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கும்போது அந்த ஆசை அப்படியே இருக்கிறது. காது குளிரப் பாட்டுக் கேட்க ஒரு ரேடியோ வேண்டும் என்றேன், அதுவும் ஆறவில்லை. என் அக்காவோடு கடலைப் பார்க்கப் போகக் கேட்டேனே, அதுவும்தான். எதுவுமே ஆறவில்லை. இரண்டாம் முறை கேட்டால் நீங்கள் மறுக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் விட்டபோது, "இதுல எத்தனை நாள் சீக்கிரம் வந்துடுவாரு" என்று மனதுக்குள் போட்டுப் பார்ப்பேன். நீங்கள் பணம் சேர்த்தீர்கள். நான் உங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை வருடத்தில் நான் எதையும் இரண்டாம் முறை கேட்டதில்லை. வால் சைக்கிளை இரண்டு முறை கேட்டாள். நான் கேட்டதே இல்லை.

கிளினிக்கில் தினமும் கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்கிறேன். சில பேர், இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பார்வை எப்போதோ தெளிவாகியிருக்கும். எழுந்து வெளியே போகத்தான் மனம் வராது.

நீங்கள் வீட்டுக்கு வர வேண்டும்.

இது இரண்டாம் முறை.

உங்கள்,
மனைவி

ஏப்ரல் 18

அன்பே,

ஏப்ரல் இரண்டாம் தேதி உன் பெயரைப் போட்டு எழுத உட்கார்ந்தேன். 'எனக்கு வேண்டும்' என்பது வரைக்கும் வந்தது. என்ன வேண்டும் என்று எழுதக் கை வரவில்லை. மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். அடுத்து வந்த நாள்களிலும் அப்படித்தான். அதற்குள் உன் கடிதம் வந்துவிட்டது.

அதைச் சாப்பாட்டுக் கூடத்தில் நின்றுகொண்டே படித்தேன். கையில் தட்டு. பின்னால் வரிசையில் நின்றவன், "அண்ணே, நகருங்க" என்றான். நகர முடியவில்லை. வாஷிங் மெஷின் ஆறிவிட்டது என்று நான் எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன் தெரியுமா? "எங்க வீட்டுல ஒரு டெக்னிக் இருக்கு" என்று ஆரம்பித்துச் சொல்வேன். மடையன் நான். உன் மணிக்கட்டு எனக்குத் தெரியவே இல்லையே.

இரண்டாம் முறை கேட்டாகிவிட்டது. மறுபேச்சுக்கு வழியில்லை. மேனேஜரிடம் போய், முடிகிற தேதியோடு முடித்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். "யோசிச்சுதான் சொல்றியா? வேற எங்கயாவது அதிகமாக் கூப்பிட்டாங்களா?" என்றார். "ஆமா சார், வீட்டுல இருந்து கூப்பிட்டாங்க" என்றேன். எவ்வளவு தருகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டுமாம்.

கிரேன் அண்ணன் என் பெட்டியைக் கட்ட உதவி செய்கிறார். "தம்பி, சோபா மட்டும் வாங்கிடாதே" என்கிறார். அவரையும் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறேன். பேனா கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அதையும் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டுதான் வருகிறேன். ஸ்பேனர் செட்டும் வருகிறது. அந்தக் குழாயை வேறு யாரும் தொடக் கூடாது.

வந்ததும் ஊர்க்கடையில் வாஷிங் மெஷின் வாங்குவோம். கேட்பதற்கு ஒன்றுமில்லை, அது வாலின் ஷூ மாதிரி.

எனக்காக ஒன்று மட்டும் கேட்கிறேன். சாப்பாட்டு மேசைக்கு இன்னொரு நாற்காலி வேண்டும். இது முதல் முறை.

உன்,
கஞ்சன்

ஏப்ரல் 25

அன்புள்ளவருக்கு,

வாஷிங் மெஷினுக்குக் குழாய்ப் பக்கத்தில் இடம் அளந்துவிட்டோம். வால் சுவரில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள். பெருக்கும்போது உங்களைச் சுற்றிக்கொண்டெல்லாம் போக மாட்டேன். "காலைத் தூக்குங்க" என்று சத்தமாகச் சொல்வேன். பாதி நாள் துடைப்பத்தையே உங்கள் கையில் கொடுத்துவிடுவேன்.

நாற்காலி கேட்டிருக்கிறீர்கள். முடியாது. வழக்கப்படி ஒரு மாதம் ஆறப்போட வேண்டும்.

அந்த ஒரு மாதமும் இங்கேயே, எங்களோடு, ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருங்கள்.

உங்கள்,
நிதியமைச்சர்