மிளகு மூட்டைக்கு எதிரே

இன்று காலை குடோனைத் திறந்ததும் மிளகு நெடி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. தும்மி முடித்த பிறகும் கண்ணில் நீர் நிற்கவில்லை. மிளகு வியாபாரிக்கு இது ஒரு வசதி, அழுகிறானா என்று யாரும் கேட்க மாட்டார்கள். மூலையில் உன் மூட்டை, சிவப்புக் கயிற்றால் வாய் கட்டியபடி கிடந்தது. லாரி வருகிறது, இருப்பதையெல்லாம் ஏற்றிவிடு என்று லோடுமேனிடம் நேற்றே சொல்லியிருந்தேன். அந்த ஒரு மூட்டையைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லவில்லை.

நமக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து நீ கோயம்புத்தூர் போய் மனநல ஆலோசனை படித்தாய். கெஸ்டால்ட் என்று நீ முதன்முதலில் சொன்னபோது, "அது என்ன, வாழைக்கு அடிக்கிற மருந்தா?" என்று கேட்டேன். நீ பொறுமையாக விளக்கினாய். போய்விட்டவரிடம் சொல்லாமல் விட்டது உள்ளேயே கிடந்து ஆளை அரிக்கும். அவரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தால் போதாது, அவர் இப்போது எதிரே இருப்பதாக வைத்து அவரிடமே பேச வேண்டும். அப்போது உடம்பு என்ன செய்கிறது என்று கவனிக்க வேண்டும். அதற்கு ஒரு காலி நாற்காலி போதும் என்றாய்.

நான் மிளகு வாங்கப் போகும் மலைக்கு நீயும் என்னோடு வந்தாய், அந்த நாற்காலிதான் அங்கே எடுபடவில்லை. மலைமேல் குண்டூர் நாடு என்கிற ஊர்ப்பக்கம் புருஷனை இழந்த ஒரு பெண். பேர் சொல்ல மாட்டேன், அது உன் தொழில் நாணயம். அவர் முன்னால் நீ நாற்காலியைப் போட்டாய். அவரோ முந்தானையால் அதைத் துடைத்து, "உக்காருங்கக்கா. ஊட்டுக்கு வந்தவங்க நிக்கறப்ப நாக்காலி சும்மா கெடக்கலாமுங்களா?" என்றார். நீ விளக்க விளக்க அவர் உன்னை உட்காரவைப்பதிலேயே குறியாக இருந்தார். கடைசியில், வாசலில் நான் எடை போட்டுக் கட்டியிருந்த மிளகு மூட்டையை இழுத்து வந்து அவர் எதிரே வைத்தாய்.

மூட்டையில் உட்காரச் சொல்லி அவர் உன்னை அழைக்கவில்லை. அந்தப் பெண் அதன் முன்னால் குந்தினார். "பாவி, குடிச்சுக் குடிச்சே போயிட்டியே" என்று ஆரம்பித்தவர் ஓங்கி ஓங்கிக் குத்தினார். அப்புறம் அதையே கட்டிக்கொண்டு அழுதார். "இப்ப நீங்க மூட்டை மேல உக்காருங்க கண்ணு. அவரா இருந்து பதில் சொல்லுங்க" என்றாய். உட்கார்ந்ததும் அவர் குரலே மாறிப்போனது. "உன்ற மேல தப்பில்ல புள்ள" என்று அவர் வாயிலிருந்தே வந்தது. தராசைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அதன்பிறகு அந்த மூட்டை உனக்கே ஆயிற்று. என் வண்டியில் உன்னோடு மலையேறி இறங்கியது. "இத்தனை திட்டு வாங்கின மிளகு, காரம் கூடியிருக்கும். விலையை ஏத்தி வித்துரலாமா?" என்று கேலி செய்வேன். நீ ஒரு பக்கமாகச் சாய்ந்து, வயிற்றில் கை வைத்துக்கொண்டு சிரிப்பாய்.

சிரிப்புக்குத்தான் கை வைக்கிறாய் என்று நினைத்தேன்.

நீ படுத்த படுக்கையான பிறகுதான், ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வயித்து நோயைப் பத்தி அவங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டோமே பாய், உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியாது. மலை முழுக்க ஒவ்வொருத்தரிடமும் "அந்தத் துக்கம் உடம்புல எங்க இருக்குது?" என்று கேட்டவள் நீ. உன் உடம்பில் எங்கே என்பதை என்னிடம் சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம், "கேஸுங்க, சீரகத் தண்ணி குடிச்சா போயிரும்" என்றாய்.

ஜமாத்தில் எல்லோரும் நல்லவர்கள். "சபூர் செய்யுங்க பாய்" என்று பொறுமை சொல்லித் தோளைத் தட்டுகிறார்கள். செய்கிறேன். தொழுகிறேன், கடை திறக்கிறேன், சோறு இறங்கவில்லை என்றாலும் தட்டின் முன் உட்காருகிறேன். ஆனால் எனக்கு உன்மேல் கோபம். உனக்காகக் கையேந்தி துஆ கேட்கும்போதே கோபம். இதை யாரிடம் சொல்வது? சொல்ல வேண்டிய ஆள் நீதான்.

அதனால் இன்று குடோன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உன் மூட்டைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது. "ஏன் சொல்லலை?" என்று தொடங்கினேன். ஏன் என்று கேட்கக்கூடாது, எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள் என்பாய். சரி. "நீ என்னை அந்நியனாக்கிட்ட. நான் உன் கையைப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சிருப்பேன், அதையும் எனக்குக் கொடுக்கலை. நான் தாங்கமாட்டேன்னு நீயா எப்படி முடிவு பண்ணுன?" கத்தினேன். குத்தினேன். விரல் தோல் உரிந்தது.

பாதி முடிந்தது. இனி நான் மூட்டை மேல் உட்கார்ந்து நீயாகப் பதில் சொல்ல வேண்டும். உட்கார்ந்தேன். உன் குரலில் ஒரு சொல் வரட்டும் என்று காத்திருந்தேன். அந்தப் பெண்ணுக்கு வந்ததே, எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? வாயைத் திறந்தால் வெறும் காற்று. உன்னோடு இத்தனை காலம் வாழ்ந்தும் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னை மண்ணில் வைத்த அன்றுகூட இப்படி நான் கைவிடப்படவில்லை.

வெளியே லாரி ஹாரன் அடித்தது. லோடுமேன் குனிந்து உள்ளே வந்தான். "ஏனுங்க பாய், கொஞ்சம் எந்திரிங்க. இந்த மூட்டையும் ஏத்தோணுமில்லீங்க?"

"இல்லப்பா. நாங்க இன்னும் பேசி முடிக்கலை."

அவன் என் கையைப் பார்த்தான். மற்ற மூட்டைகளை ஏற்றி அனுப்பிவிட்டு ஷட்டரை முன்போலவே பாதிக்கு இறக்கிவிட்டுப் போனான். காலியான குடோனில் நானும் உன் மூட்டையும்தான் இருக்கிறோம். இதை அதன்மேல் உட்கார்ந்தேதான் எழுதுகிறேன்.

எனக்குத் தொண்டையில் இருக்கிறது. நீ கேட்காமலே சொல்லிவிட்டேன் பார்.