நீ பார்க்காத மாடி

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு முன்வாசலில் ஏழு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. வீடு பார்க்க வந்த ஒரு குடும்பத்தினுடையவை. அவர்கள் மாடியில் நடக்கும் சத்தத்தைக் கேட்டபடி நான் கீழே கூடத்தில் உட்கார்ந்து, ஒழுங்கில்லாமல் கிடந்த அந்தச் செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நீ போய் மூன்று வருடமாகிறது. சிறு வயது முதல் என் தோழியாக இருந்த உன் செருப்பு அந்த வாசலில் ஒரு நாளும் கிடந்ததில்லை.

வீட்டை விற்கிறேன். என் முட்டி படிகளோடு சண்டை போடுகிறது. மகள் கோலாலம்பூருக்கு வந்துவிடச் சொல்கிறாள். விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் ஏஜெண்டு தெமியாங்கைச் சேர்ந்த பெண், என் மகளைவிடச் சிறியவள். முதல் நாளே எனக்குப் பாடம் நடத்தினாள்.

"ஆண்ட்டி, சாமான கொறைங்க. அங்கிள் போட்டோ எல்லாம் பெட்டில வெச்சிருங்க. கருவாடு பொரிக்காதீங்க லா, ரெண்டு நாளைக்கு வாட போகாது. ஆளுங்க வர்ற நேரம் எல்லாக் கதவும் தொறந்திருக்கணும், லைட் எல்லாம் எரியணும். நீங்க கொஞ்சம் வெளிய போயிருங்க."

"என் வீட்ட விட்டு நான் ஏன் போகணும்?"

"நீங்க உக்காந்திருந்தா அவங்க விருந்தாளி மாரி நடப்பாங்க ஆண்ட்டி. விருந்தாளி வீடு வாங்க மாட்டான்."

கெட்டிக்காரிதான். ஆனாலும் நான் போகவில்லை. நாற்காலியில் முதுகு சாயாமல் உட்காரக் கான்வெண்டுப் பள்ளியின் கன்னியாஸ்திரிகள் நம் இருவருக்கும் சேர்த்துத்தானே கற்றுக்கொடுத்தார்கள். அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். ஒருவர் என் கட்டில் மெத்தையை அமுக்கிப் பார்த்தாராம். ஏஜெண்டு சொல்லித் தெரிந்தது. ஓர் அம்மாள் ஐஸ்பெட்டியைத் திறந்தார்.

"அது விக்கிறதுக்கு இல்லங்க," என்றேன்.

"தெரியுதுங்க, சும்மா பாத்தேன்," என்று சொல்லி, மேல்தட்டு முதல் கீழ்த்தட்டு வரை பார்த்த பிறகே மூடினார். நீ இருந்திருந்தால் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய்.

ஆனால் உன்னிடம் சொல்ல நினைத்தது போன மாதம் நடந்த ஒன்று. அன்று நல்ல மழை. கூடத்தை அப்போதுதான் துடைத்திருந்தேன். ஏஜெண்டு இன்னும் வந்து சேரவில்லை. ஓர் இளம் தம்பதி மோட்டார் சைக்கிளில் நனைந்து வந்து கேட்டருகே நின்றார்கள். செனாவாங்கில் ஃபேக்டரி வேலை. ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தார்கள் என்பது போட்டிருந்த சட்டையிலேயே தெரிந்தது. நான் ஜன்னல் வழியாகச் சொன்னேன்: "பின்பக்கமா வாங்க. முன்னால தொடச்சிருக்கேன்."

"சரிங்க ஆண்ட்டி," என்றாள் அந்தப் பெண். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கணவனைக் கூட்டிக்கொண்டு, வீட்டோரச் சாக்கடையை ஒட்டிப் பின்னால் நடந்தாள். அவள் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. அதற்கு முந்தைய வாரம் பெரிய காரில் வந்தவர்களுக்கும் இதே ஈரத் தரைதான். அவர்களுக்கு நானே துணியை விரித்து, முன்வாசல் வழியாக அழைத்தேன். இவர்களிடம் பேசியது என் அம்மாவின் குரல்.

அந்தக் குரலை நீ மறந்திருக்க மாட்டாய். போர்டிக்சன் போகும் வழியில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் என் அப்பா பெரிய கிராணி, ஆபீசில் துரைக்கு அடுத்த ஆள். உன் அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். எங்கள் வீடு மேட்டில், தொழிலாளர்கள் குடியிருந்த உங்கள் லயம் பள்ளத்தில். லயத்திலிருந்து கான்வெண்டுக்குப் போன ஒரே பெண் நீ. வகுப்பில் ஒரே பெஞ்சு நமக்கு. பஸ்ஸில் என்னை "நீ" என்பாய். தோட்டத்துக் கேட்டைத் தாண்டியதும் அது "நீங்க" ஆகிவிடும். அதைப் பற்றி நாம் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. சாயங்காலம் புத்தகங்களோடு வருவாய். அம்மா ஜன்னலில் நின்று, "பின்னால வா புள்ள," என்பார். குசினிக்குள் அடுப்பருகே பலகையில் நான், வெளிப்படியில் நீ. அப்படித்தான் ஆறு வருடம் படித்தோம். உன் கையெழுத்து என்னுடையதைவிட அழகு. எனக்கு அதில் பொறாமைகூட உண்டு. ஆனால் எங்கள் வீட்டுக் கூடம் என்ன நிறம் என்று உனக்குத் தெரியாது.

நீ நர்ஸ் ஆனாய். பல வருடம் கழித்து செனாவாங்கில் சொந்த வீடு வாங்கியதும், முதல் ஆளாக என்னை அழைத்தாய். வாசலிலேயே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். "வா வா, இதையும் பாரு!" அலமாரிக்குள் காட்டினாய், மீட்டர் பெட்டியைக் காட்டினாய், கக்கூசில் தண்ணீர் இழுத்துக் காட்டினாய். நான் பார்த்ததெல்லாம் குளியலறை ஓடுதான்.

"கோணலா ஒட்டியிருக்கானே," என்றேன்.

நீ வயிறு குலுங்கச் சிரித்தாய். "ஒன் கண்ணுக்குத்தான் அது தெரியும். எனக்கு என் வீடுதான் தெரியுது."

என் கணவர் படுக்கையில் விழுந்த கடைசி வருடம், கட்டிலைக் கீழே கூடத்தில் போட்டிருந்தோம். நீ வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாய். வாரம் இரண்டு நாள் பஸ் ஏறி வந்து, அவரைப் புரட்டிப் போட்டு, முதுகுப் புண்ணைக் கழுவி, அவர் முகம் சுளித்தால் அதற்கும் ஒரு வேடிக்கை சொல்வாய். எப்போதும் குசினி வழியாகவே நுழைவாய். "பின்னாலயே வரேன் லா, கை கழுவத் தோதா இருக்கு." முன்னால் வா என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. கை கழுவுவதுதான் காரணம் என்று நம்புவது எனக்கும் தோதாக இருந்தது.

அவர் காலமான பிறகு ஒரு மத்தியானம் வந்தாய். டீ குடித்துக்கொண்டே மாடிப்படியைப் பார்த்தாய்.

"மேல எத்தன ரூம்?"

"மூணு."

"காத்து நல்லா வரும் போல."

"வரும். இப்ப ஒரே குப்பையா கெடக்கு. இன்னொரு நாளைக்குக் காட்டுறேன்."

"அதுக்கென்ன," என்று டீயை முடித்தாய். கோப்பையை நீயே கழுவி வைத்துவிட்டுப் பின்பக்கமாகவே போனாய். அதிலிருந்து ஏழாவது மாதம் உன் மகன் போன் செய்தான். மாரடைப்பு, தூக்கத்திலேயே என்றான்.

மாடியில் அன்று குப்பை இருந்தது உண்மை. துவைக்காத துணியும் விரிக்காத படுக்கையும் யார் கண்ணிலும் படக்கூடாது என்பது என் சுபாவம். அது உனக்கும் தெரியும். உன்னை மேலே அழைக்காததற்கு அந்தக் குப்பைதான் காரணம் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த மழை நாளுக்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை.

அன்று நான் விரைந்து போய், பின்னால் நடந்து வந்தவர்களுக்குக் குசினிக் கதவைத் திறந்தேன். "இங்க வேணாம்மா. தரை ஈரமானா ஆவட்டும், முன்னால வாங்க," என்றேன்.

"பரவால்லங்க ஆண்ட்டி," என்றாள் அவள், உள்ளே காலை வைத்தபடி. "அதான் வந்துட்டோம்ல."

அப்போதுதான் ஏஜெண்டு குடையோடு ஓடி வந்தாள். என்னை ஓரமாக இழுத்து, "கிச்சன்லருந்து வீட்டக் காட்டுனா யாரு ஆண்ட்டி வாங்குவா? மொதல்ல எத பாக்குறாங்களோ அதான் மனசுல நிக்கும்," என்று கடிந்துகொண்டாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு மாடி ஏறினேன். மற்றவர்கள் எல்லாம் கேட்காமலே அறைகளுக்குள் நுழைந்தார்கள். அந்தப் பெண் மட்டும் ஒவ்வொரு அறை முன்னாலும் நின்று, "பாக்கலாமாங்க?" என்று கேட்டாள். காலை வெயில் எந்த ஜன்னலில் விழும், எந்த மூலையில் மழைக்குச் சுவர் வியர்க்கும், மகள் எங்கே உட்கார்ந்து படித்தாள் என்று கேட்காததையெல்லாம் சொன்னேன். பின்னால் நின்ற ஏஜெண்டு போதும் போதும் என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

அவர்கள் வேறு வீடு வாங்கிவிட்டார்கள். "நீங்க ஓவரா பேசிட்டீங்க ஆண்ட்டி," என்றாள் ஏஜெண்டு. "இருக்கும்," என்றேன். என்னைக் கேட்டால், வீடு பார்க்க வருபவர்களைச் சுத்தமான கூடத்தைவிட முதல் வார்த்தைதான் உள்ளே அழைக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு எழுபது வயதுக்கு மேல் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வந்த குடும்பம் வாங்குகிறது. நேற்று சாயங்காலம், சாமான்களைக் கட்டுவதற்கு முன், ஒவ்வோர் அறையாக உனக்குச் சொல்லிக் காட்டலாம் என்று படியேறினேன். பாதியில் நின்றுவிட்டேன். இப்போது உனக்குக் காட்டுவது எவ்வளவு சுலபம். நீ கை பிடித்து இழுக்க மாட்டாய், எதையும் திறந்து பார்க்க மாட்டாய், உனக்காக நான் படுக்கையை விரிக்கக்கூட வேண்டாம். அப்படிக் காட்டிவிட்டு மனம் ஆறிப்போவது நேர்மையாகப் படவில்லை. மெதுவாக இறங்கி வந்துவிட்டேன்.

மகள் வீட்டில் எனக்கு ஓர் அறைதான். அதிகம் கொண்டுபோக முடியாது. உனக்குத் தருவதாகச் சொன்ன அந்த இன்னொரு நாள் மட்டும் என்னிடமே இருக்கிறது.